தம்பிக்கு விழித்திரை விலகல்: ஒரு டாக்டர் பக்கிள் என்கிறார், இன்னொருவர் விட்ரெக்டமி என்கிறார்

கார்த்திகைப்பூ:
தம்பிக்கு 26 வயது. பள்ளி நாளிலிருந்தே தடிமனான கண்ணாடி. இப்போது இரண்டு கண்ணும் மைனஸ் 9. கண்ணாடி மாற்றப் போனவனுக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டு, "இடது கண்ணில் கீழ்ப்பக்கம் ரெட்டினா, அதாவது விழித்திரை, விலகியிருக்கிறது, ரெட்டினா டாக்டரிடம் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வலி இல்லை, கண்ணுக்குள் மின்னல் வெட்டவில்லை, கண்முன் கொசு பறப்பது போலவும் தெரியவில்லை. துருவிக் கேட்டபோதுதான், "மேலே நிமிர்ந்து பார்த்தால் ஓரத்தில் புகை மாதிரி இருக்கும், கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்தேன்" என்றான்.

முதல் டாக்டர் பக்கிள் போடலாம் என்றார். கண்ணின் வெளிச்சுவரில் சிலிகான் பட்டை வைத்துத் தைப்பார்களாம், உள்ளே கை வைக்க மாட்டார்களாம். மனசு கேட்காமல் இன்னொருவரிடம் போனோம். அவர் விட்ரெக்டமி என்கிறார். கண்ணுக்குள் போய் அங்கே இருக்கும் கூழை எடுத்துவிட்டு கேஸ் நிரப்புவதாம், ஒருவேளை கேஸுக்குப் பதில் சிலிகான் ஆயில் தேவைப்படலாமாம். மேகுலா (கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதி) இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது, விழித்திரையைக் கடிகார முகமாக வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் 5 மணி, 6 மணி, 7 மணிப் பக்கம் என்று இருவரும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். வைத்தியத்தில் மட்டும் இப்படி ஒத்துப்போகவில்லை. யாரோ ஒருவர் தவறாகச் சொல்கிறாரா? நாலு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஒற்றைக்கண் ராஜா:
விட்ரெக்டமிக்கே போங்கள், யோசிக்காதீர்கள். எனக்கு 58 வயதில் மேல்பக்கம் பெரிய கிழிசல், ஒரே நாளில் பாதிப் பார்வையில் திரை இறங்கியது. மூன்று சின்னத் துளை, சுமார் ஒரு மணி நேரம், தையல்கூட இல்லை. இன்று செய்தித்தாள் படிக்கிறேன். பக்கிள் எல்லாம் அந்தக் காலம். கண்ணைச் சுற்றிப் பட்டை கட்டுவதெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள்?

அரையிருட்டு:
ரெட்டினா பிரிவில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். தம்பியின் கண்ணை நான் பார்க்கவில்லை, அதனால் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு டாக்டர்களில் ஒருவர் தவறு என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை மட்டும் விளக்கலாம்.

இந்த வகை விலகலுக்குக் காரணம் விழித்திரையில் விழுகிற ஓட்டை. அதன் வழியாக உள்ளிருக்கும் நீர் பின்னால் புகுந்து, திரையை அதன் சுவரிலிருந்து தூக்கிவிடுகிறது. ஓட்டையை அடைத்துவிட்டால் போதும், பின்னால் தேங்கிய நீரை அடியில் இருக்கும் நிறமிப் படலமே உறிஞ்சிக்கொள்ளும். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயத்தை நிலைநாட்டவே ஒருவர் பல வருடம் போராட வேண்டியிருந்தது. அவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த ஜூல் கோனென். அதற்கு முன் நீரை மட்டும் வடித்துப் பார்த்தார்கள், படுக்கையில் அசையாமல் கிடத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாக் கண்ணும் போயிற்று. கோனென் 1920களில் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அது இருக்கும் இடத்தை வெளிச்சுவரில் குறித்து, அங்கே சூட்டுக்கோல் வைத்து மூடினார். அதன் பிறகுதான் இந்த நோயில் பார்வை திரும்பத் தொடங்கியது.

இப்போது இருக்கும் மூன்று முறைகளும் அதே ஓட்டையை அடைக்கிற மூன்று வழிதான். பக்கிள் என்பது சுவரை வெளியிலிருந்து உள்ளே அழுத்தி, திரைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. கேஸ் ஊசி என்பது உள்ளிருந்து குமிழியை வைத்து ஓட்டையை மூடுவது. விட்ரெக்டமி, திரையைப் பிடித்து இழுக்கிற கூழையே வெட்டி எடுத்துவிடுவது. எந்த முறையானாலும் ஓட்டையைச் சுற்றி லேசரோ, க்ரையோ எனப்படும் உறைய வைக்கும் முனையோ வைத்துத் தழும்பு உண்டாக்குவார்கள். அந்தத் தழும்பு இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஓட்டை மூடியே இருக்க வேண்டும்.

அப்புறம், ராஜா சார், உங்கள் கண்ணும் அந்தத் தம்பியின் கண்ணும் ஒன்றில்லை. அதை ராத்திரி டூட்டி முடிந்து எழுதுகிறேன்.

ஒற்றைக்கண் ராஜா:
கண் கண்தானே டாக்டர். சரி, காத்திருக்கிறேன்.

அரையிருட்டு:
வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் கூழ் நீர்த்துச் சுருங்கி, ஒரு கட்டத்தில் விழித்திரையை விட்டுத் தானாகக் கழன்று முன்னே வந்துவிடும். பெரும்பாலானோருக்கு இது 50, 60 வயதில் நடக்கிறது. கழன்று வரும்போது எங்காவது ஒட்டிக்கொண்டு இழுத்தால் மேல்பக்கம் லாட வடிவில் கிழிசல் விழும், மின்னல் வெட்டும், திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டும், நீர் வேகமாகப் புகுந்து பார்வையில் நிழல் இறங்கும். ராஜா சாருக்கு நடந்தது இதுதான். கூழ் ஏற்கெனவே கழன்றிருப்பதால் வெட்டி எடுப்பது சுலபம். அதோடு அந்த வயதில் லென்ஸுக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

26 வயது, மைனஸ் 9, கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள், மின்னல் இல்லை, மெதுவாக ஏறிய புகை. இது வேறு கதை. கூழ் இன்னும் திரையோடு இறுக ஒட்டியிருக்கும். அதை உள்ளே போய்ப் பிரித்தெடுக்கும்போது புதுக் கிழிசல் விழலாம். விட்ரெக்டமி செய்த கண்ணில் புரை சீக்கிரம் வளரும். 50 தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் புரை ஆபரேஷன் தேவைப்படுகிறது. இளவயதில் அந்த வேகம் குறைவு என்றாலும், லென்ஸை இழந்தால் கிட்டே இருப்பதைப் பார்க்கக் கண் தானாகக் குவியத்தை மாற்றிக்கொள்ளும் திறனும் சேர்ந்து போய்விடும். ஓட்டைகள் கீழே இருப்பது அடுத்த சிக்கல். கேஸ் மேலேதான் மிதக்கும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் முதல் டாக்டர் பக்கிள் என்றிருப்பார்.

"அந்தக் காலம்" என்பதற்கும் ஒரு பதில் உண்டு. ஐரோப்பாவில் 25 மையங்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007ல் முடிவு வெளியிட்டார்கள். சொந்த லென்ஸ் இருக்கும் கண்களில் பக்கிள் போட்டவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் தேறியது. புரை ஆபரேஷன் முடிந்து செயற்கை லென்ஸ் வைத்த கண்களில் விட்ரெக்டமி ஒரே தடவையில் திரையை ஒட்டவைப்பதில் முந்தியது. ஆக, பழசு புதுசு என்பதைவிட யாருடைய கண் என்பதே கேள்வி.

கார்த்திகைப்பூ:
ரொம்ப நன்றி டாக்டர். மூன்று தடவை படித்தேன், தம்பியும் படித்தான். ஒரு சந்தேகம்: இரண்டாவது டாக்டர் இதெல்லாம் தெரியாதவரா? அவரும் பெரிய அனுபவஸ்தர்தான்.

அரையிருட்டு:
தெரியாமல் இருக்காது. பக்கிள் கையால் கற்றுக்கொள்கிற வேலை. தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஓட்டையைத் தேடி, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனே உள்ள சுவரில் ஊசி உள்ளே இறங்கிவிடாமல் தையல் போட வேண்டும். உங்கள் தம்பியைப் போல் மைனஸ் அதிகமாக இருப்பவர்களின் நீண்ட கண்களில் சுவர் இன்னும் மெலிசு. எங்கள் தலைமுறையில் நிறையப் பேர் விட்ரெக்டமியில்தான் கை பழகியிருக்கிறோம். தனக்கு நன்றாக வருகிற முறையைச் சொல்வது நேர்மையான பதில்தான். அவரிடமே நேராகக் கேளுங்கள்: "இதே மாதிரிக் கண்ணுக்கு நீங்கள் பக்கிள் போடுவதுண்டா?"

ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். அந்தத் தலை விளக்குக் கருவியை, இரண்டு கண்ணாலும் ஆழம் தெரியப் பார்க்கும்படி 1940களில் உருவாக்கியவர் பெல்ஜியத்துக்காரரான சார்ல்ஸ் ஷேபென்ஸ். கண்ணைச் சுற்றிப் பட்டை கட்டுவதை அமெரிக்காவில் பரப்பியவரும் அவரே. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடம் மாட்டாமல், பிரான்ஸ் எல்லையில் மர அறுவை ஆலை முதலாளியாக வேஷம் போட்டுக்கொண்டு, மலை வழியாக ஆட்களை ஸ்பெயினுக்குத் தப்பவைத்தவர். அந்த விளக்கை மாட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மர ஆலை ஞாபகம்தான் வரும்.

ஒற்றைக்கண் ராஜா:
விட்ரெக்டமிக்காரருக்கும் ஒரு கதை இருக்குமே?

அரையிருட்டு:
இருக்கிறது. ராபர்ட் மாஹெமர், மயாமி, 1970. கூழை வெட்டி உறிஞ்சும் கருவி வேலை செய்யுமா என்று முதலில் முட்டை வெள்ளைக்கருவில் பழகிப் பார்த்தார். இன்று நாங்கள் போடும் 25 கேஜ் துளை சுமார் அரை மில்லிமீட்டர். உங்களுக்குத் தையல் இல்லாததற்கு அதுதான் காரணம்.

தூக்கணாங்குருவி:
யாருமே ஊசி முறையைப் பேசவில்லையே? எனக்கு 44 வயதில் 11 மணிப் பக்கம் ஒரே ஒரு கிழிசல். ஆபரேஷன் தியேட்டருக்கே போகவில்லை. கிளினிக்கிலேயே உறைய வைக்கும் முனையை வைத்து, மெல்லிய ஊசியில் துளியூண்டு கேஸ் செலுத்தி, "தலையை இப்படிச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். தலைச்சாய்வுதான் முழு வைத்தியமும். தூக்கத்தில் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, சாய்வு நாற்காலியில் ஒரு வாரம் தூங்கினேன். மூன்றாம் நாளே நிழல் போய்விட்டது.

கேஸ் குமிழி வேடிக்கையானது. உண்மையில் அது கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது, ஆனால் நமக்குக் கீழே தெரியும். கொத்தனாரின் ரசமட்டம் போல ஒரு கோடு ஆடிக்கொண்டே இருக்கும். நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கி, கடைசியில் ஒரு கறுப்பு உருண்டையாகி, அது இரண்டு மூன்றாக உடைந்து, ஒருநாள் காலையில் காணவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கார்த்திகைப்பூ:
இது தம்பிக்கு முடியாதா? கத்தியே இல்லாமல்?

அரையிருட்டு:
குருவி அக்கா நன்றாகச் சொன்னீர்கள். கார்த்திகைப்பூ, தம்பிக்கு இது பொருந்தாது. ஓட்டை 6 மணியில் இருக்கிறது; குமிழி அங்கே போய் நிற்க அவன் வாரக்கணக்கில் தலைகீழாகத் தொங்க வேண்டும்.

பொருந்துகிறவர்களுக்கு இது மட்டமான முறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டொரான்டோவில் 176 பேரிடம் ஊசி முறையையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டு 2019ல் வெளியிட்டார்கள். கடிகார முகத்தில் 8 மணிக்கும் 4 மணிக்கும் மேலே, நெருக்கமாக ஒரே இடத்தில் ஓட்டை இருப்பவர்களைத்தான் சேர்த்தார்கள். முதல் தடவையிலேயே ஒட்டியது ஊசியில் 80.8 சதவீதம், விட்ரெக்டமியில் 93.2 சதவீதம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்வை ஊசிக்காரர்களுக்கே சற்று மேலாக இருந்தது, கோடுகள் வளைந்து தெரிவதும் குறைவு. மெதுவாகத் தானே ஒட்டிக்கொள்ளும் திரை, வலுக்கட்டாயமாகச் சமன்செய்த திரையைவிடப் பழைய இடத்திலேயே சரியாக உட்காருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஐந்தில் ஒருவர் இரண்டாம் தடவை வரத் தயாராக இருக்க வேண்டும் என்பது இதன் விலை.

தூக்கணாங்குருவி:
அந்த ஐந்தில் ஒருவராக என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவர் இருந்தார். அவருக்குப் பிறகு விட்ரெக்டமி செய்து சரியானது.

மணல்கடிகாரம்:
கேஸ் போட்டுக்கொள்ளும் யாராக இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விட்ரெக்டமி முடிந்து நீண்ட நாள் தங்கும் சி3எஃப்8 கேஸ் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சொட்டு மருந்துச் சீட்டைத் தவிர ஒன்றும் தரவில்லை. மூன்றாம் வாரம் வேலை விஷயமாக விமானத்தில் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். முந்தின நாள் பரிசோதனைக்குப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன், டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மேலே காற்றழுத்தம் குறைந்தால் கண்ணுக்குள் கேஸ் விரியும், அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்று பார்வை போகலாமாம். இதை எனக்கு முதல்நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

அரையிருட்டு:
கோபம் நியாயமானது. சாதாரணக் காற்று ஒரு வாரத்துக்குள் கரையும், எஸ்எஃப்6 சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம். முழுக்கக் கரைந்துவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை விமானமும் கூடாது, உயரமான மலைப்பாதையும் கூடாது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மயக்க மருந்து. பல் வைத்தியத்திலோ வேறு ஆபரேஷனிலோ நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது குமிழிக்குள் புகுந்து ஊதிவிடும். கண் போன சம்பவங்கள் உண்டு. அதற்காகத்தான் பல இடங்களில் மணிக்கட்டில் பட்டை கட்டி அனுப்புகிறார்கள். உங்களுக்குக் கட்டவில்லை என்றால் அது அவர்கள் தவறு.

மல்லாந்து படுக்கவும் கூடாது. குமிழி முன்னே வந்து லென்ஸை உரசினால் புரையும் அழுத்தமும் வரும்.

வெள்ளிக்கிழமை:
அப்பாவுக்கு ஆயில் வைத்தார்கள். சர்க்கரையால் வந்த விலகல், ஓட்டை இல்லை. ரத்தக்குழாயோடு வளர்ந்த சவ்வு திரையைப் பிடித்து இழுத்துவிட்டதாம். அவருக்கு விட்ரெக்டமி தவிர வேறு பேச்சே எழவில்லை. சவ்வை உரித்தெடுக்கவே இரண்டரை மணி நேரம் ஆனது. நாலாவது மாதம் ஆயிலை எடுத்தார்கள். ஆயில் இருக்கும்வரை எல்லாம் மங்கலாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். அது பவர் மாறுவதால். அதை உள்ளேயே விட்டுவிடலாமே என்று அப்பா கேட்டார். பொடிப்பொடியாக உடைந்து அழுத்தத்தை ஏற்றிவிடும் என்றார்கள்.

இலுப்பைமரம்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பக்கிளோடு 22 வருடமாக வாழ்கிறேன். எனக்கும் 20களில், எனக்கும் மைனஸ், எனக்கும் கீழ்ப்பக்கம். போட்ட முதல் வாரம் கண் திறக்க முடியாத வீக்கம். சுழற்றினால் வலி, விட்ரெக்டமி செய்தவர்கள் இதைப் பட்டிருக்க மாட்டார்கள். ஒரு மாதம் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தன, பிறகு தானாகச் சரியானது. பவர் இரண்டரை ஏறியது. பட்டை கண்ணை இறுக்குவதால் கண் நீளமாகிறதாம். பட்டை வெளியே தெரியாது, தொட்டாலும் தெரியாது. எம்ஆர்ஐ எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், "சிலிகான்தானே, பரவாயில்லை" என்று சொல்லி எடுத்துவிடுகிறார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணில் இன்னும் என் சொந்த லென்ஸ்தான்.

சிலருக்குப் பட்டையில் தொற்று வந்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். எனக்கு வரவில்லை, ஆனால் கண் சிவந்து அழுக்கு வடிந்தால் சும்மா இருக்கக்கூடாது.

ஒற்றைக்கண் ராஜா:
22 வருடமா! சரி, "அந்தக் காலம்" என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எனக்குப் பதினாலாவது மாதமே புரை ஆபரேஷன் ஆனதையும் முதலில் சொல்லாமல் விட்டேன்.

கார்த்திகைப்பூ:
நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது டாக்டரிடம் அரையிருட்டு எழுதிக்கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பக்கிள் நான் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் போடுகிறேன். இந்தக் கண்ணுக்கு அதுதான் சரி என்று அவர் சொன்னால் அவரிடமே போங்கள், அவர் கை நல்ல கை" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடித்தான் போயிற்று.

மேகுலா ஒட்டியிருந்ததால் நாளைக் கடத்த வேண்டாம் என்று மறுநாளே அனுமதித்தார்கள். முழு மயக்கம். ஓட்டைகளைச் சுற்றி க்ரையோ, கீழ்ப்பாதியில் பட்டை. கேஸ் வைக்கவில்லை, குப்புறப் படுக்கவும் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் இலுப்பைமரம் சொன்ன அதே வீக்கம், அதே வலி. அவர் எழுதியதைப் படித்திருந்ததால் தம்பி பயப்படவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது ஓட்டைகள் பட்டைமேல் சரியாக உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் கீழே கொஞ்சம் நீர் இன்னும் இருக்கிறது என்றார். தோல்வியா?

அரையிருட்டு:
ஓட்டை மூடியிருந்தால் தோல்வி இல்லை. நாள்பட்ட விலகலில் பின்னால் இருக்கும் நீர் கெட்டியாக இருக்கும். உறிஞ்ச மாதக்கணக்கில் ஆகலாம். நீர் கூடுகிறதா குறைகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. திரையின்மேல் தழும்புச் சவ்வு வளர்ந்து மறுபடி சுருக்கி இழுப்பது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் கண்களில் வருகிறது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அதனால் நன்றாகத் தெரிகிறது என்று பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வலது கண்ணைப் பார்த்தார்களா?

கார்த்திகைப்பூ:
பார்த்தார்கள். அதிலும் ஓரத்தில் திரை மெலிந்து இரண்டு ஓட்டை. விலகவில்லை. அன்றைக்கே நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி லேசர் போட்டுவிட்டார்கள், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதை இரண்டு வருடம் முன்னே இடது கண்ணில் யாராவது பார்த்திருந்தால் என்று அம்மா புலம்பிக்கொண்டிருக்கிறார்.

மணல்கடிகாரம்:
என் மகளுக்கு 15 வயது, மைனஸ் 7. அப்படியானால் இப்போதே லேசர் போட்டுவிடலாமா?

அரையிருட்டு:
வேண்டாம், மெலிந்த இடமெல்லாம் கிழியாது. பத்துப் பேரில் ஒருவருக்குக் கிட்ட அது இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆவதில்லை. சொட்டு மருந்து விட்டு ஓரம் வரை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அவர்களே சொல்வார்கள். மின்னல், புதுக் கரும்புள்ளி, ஓரத்தில் நிழல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும் என்று அவளிடமே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் பல மாதம் தெரியாமல் போகிறது.

கார்த்திகைப்பூ:
ஐந்து மாதம் கழித்து வருகிறேன். நேற்றைய ஸ்கேனில் நீர் இல்லை. இடது கண் பவர் மைனஸ் 11 ஆகிவிட்டது, புதுக் கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறோம். மொட்டை மாடியில் நின்று ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் புகை இல்லை" என்றான். பிறகு அடுத்த கண்ணையும் மூடிப் பார்த்தான்.